ஆம்ப்ளிஃபையருக்குச் சொந்தக் குரல் உண்டா? தயாரிப்பாளரும் விமர்சகரும் முரண்படும் இடங்கள்

ஒரே ஆம்ப்ளிஃபையர். தயாரிப்பாளர் தரும் தாளில் டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) 0.005 சதவீதம் என்று இருக்கிறது. விமர்சனத்தைப் புரட்டினால் குரல் மெலிந்து ஒலிக்கிறது, சிம்பல் காதைக் குத்துகிறது என்று எழுதியிருக்கிறது. அளவுகள் சுத்தமாக இருக்கும்போது குத்துவதற்கு என்ன இருக்கிறது என்று தயாரிப்பாளர் கேட்கிறார். கருவிகளுக்குச் சிக்காத ஒன்று இசையில் உண்டு என்று விமர்சகர் சொல்கிறார். இந்த வழக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

இதில் பெரும்பாலான சண்டைகளில் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. தயாரிப்பாளர் அளந்தது, ஆய்வு மேசையில் ஒரு 8 ஓம் ரெசிஸ்டரை இயக்கிய பெட்டியை. விமர்சகர் கேட்டது, ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கரை, ஒரு குறிப்பிட்ட ஒலியளவில், ஒரு குறிப்பிட்ட கேபிள் வழியாக இயக்கிய அதே பெட்டியை. மின்னியல் கணக்குப்படி இவை இரண்டு வெவ்வேறு சுற்றுகள். ரெசிஸ்டரில் எடுத்த எண்ணை வைத்து ஸ்பீக்கரில் கேட்டதை மறுக்க முடியாது. அதேபோல், சத்தத்தைக்கூடச் சமன் செய்யாமல் கேட்டுவிட்டு அந்தப் பெட்டியின் குணம் இது என்று தீர்ப்பெழுதவும் முடியாது. முன்னதைத் தயாரிப்பாளர்கள் அடிக்கடி செய்கிறார்கள். பின்னதை விமர்சகர்கள் அதைவிட அடிக்கடி செய்கிறார்கள்.

ஸ்பீக்கர் என்னும் சுமை

பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்காது. தாழ்சுரம் தரும் வூஃபரின் ஒத்ததிர்வுப் புள்ளியில் 20 ஓமைத் தாண்டும், அதற்குச் சற்று மேலே 4 ஓம் வரை இறங்கும், தாழ்சுரமும் உயர்சுரமும் பிரியும் கிராஸ்ஓவர் வட்டாரத்தில் மறுபடி ஏறும். ஆம்ப்ளிஃபையருக்கும் சொந்தமாக ஒரு வெளியீட்டு இம்பீடன்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் வோல்டேஜைப் பங்கிடுகின்றன.

ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது) இல்லாத ஒற்றை வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் அதற்குக் கிடைப்பது முழு வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.5 டெசிபல் இழப்பு. 20 ஓமாக இருக்கும் இடத்தில் இழப்பு 0.8 டெசிபல்தான். ஆக, அந்த ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வளைவு 2.7 டெசிபல் மேடுபள்ளமாக ஒலியில் பதிந்துவிடுகிறது. இது டோன் கண்ட்ரோலைத் திருப்புவதற்குச் சமம், யார் காதுக்கும் கேட்கும். வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.05 ஓமாக உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இதே ஸ்பீக்கர் காட்டும் ஏற்ற இறக்கம் 0.09 டெசிபல்தான்.

வால்வ் ஆம்ப்ளிஃபையரில் குரலுக்குச் சதைப்பற்று வந்தது என்று ஒரு விமர்சகர் எழுதினால், அவர் உண்மையாகவே கேட்டிருக்கலாம். ஆனால் அது அந்த ஆம்ப்ளிஃபையரின் நிலையான குணம் அல்ல. ஸ்பீக்கரை மாற்றினால் மேடு வேறு அதிர்வெண்ணுக்கு நகரும், சதைப்பற்று இருந்த இடத்தில் மந்தம் வரும். இரு விமர்சகர்கள் ஒரே வால்வ் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி நேர்எதிராக எழுதுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழ் அளவீட்டில் ரெசிஸ்டரோடு நிற்காமல், ஸ்பீக்கரைப் போல நடிக்கும் சுமையையும் இணைத்து அதிர்வெண் வரைபடம் போடுவது இதனால்தான். ஒரு விமர்சனத்தில் ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும்.

அதிவேகமாக சுவிட்ச் செய்து சிக்னலைப் பெருக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்களில் இதே சிக்கல் மேல் அதிர்வெண்களில் வந்தது. சுவிட்ச் செய்யும் அதிர்வெண்ணை வடிகட்ட வெளியீட்டில் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) கபாசிட்டரும் வேண்டும். 22 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 4 ஓம் சுமையில் 20 கிலோஹெர்ட்ஸில் 0.3 டெசிபல் குறைகிறது. 8 ஓமில் அதே இடத்தில் 1.5 டெசிபல் கூடுகிறது. ஃபீட்பேக்கை வடிகட்டிக்கு முன்னால் எடுத்த பழைய வடிவமைப்புகள் இப்படித்தான் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறாக ஒலித்தன. புரூனோ புட்சீஸ் பிலிப்ஸில் உருவாக்கிய யுசிடி முறையும், பின்னர் வந்த என்கோர் போன்றவையும் வடிகட்டியை ஃபீட்பேக் வளையத்துக்குள்ளேயே கொண்டுவந்து இதைத் தீர்த்தன. கிளாஸ் டி என்றாலே வறண்ட ஒலி என்ற பழைய தீர்ப்பை இன்றைய வடிவமைப்புகளுக்கு அப்படியே சுமத்துவது நியாயமில்லை.

கேபிளும் சில நேரம் சுமையின் பகுதி. நெய்த ஸ்பீக்கர் கேபிள்களில் கபாசிட்டன்ஸ் மிக அதிகம். வெளியீட்டில் சிறு காயில் இல்லாத ஆம்ப்ளிஃபையரோடு அவற்றை இணைத்தால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் அலைவு தொடங்கும். ஒலியில் ஒரு கரகரப்பு, காரணமில்லாத சூடு, சில வேளை வெளியீட்டு டிரான்சிஸ்டர்களே போய்விடும். நெயிம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்களுக்குக் குறைந்தது 3.5 மீட்டர் கேபிள் வேண்டும் என்று சொல்லிவந்தது, அந்தக் காயிலின் வேலையைக் கேபிளின் இண்டக்டன்ஸ் செய்யும்படி வடிவமைத்ததால்தான். இந்தக் குறிப்பைக் கவனிக்காமல் செய்த விமர்சனம் எதை விமர்சித்தது என்று சொல்வது கடினம்.

சதவீதம் மறைப்பவை

டிஸ்டார்ஷன் சதவீதம் எல்லா ஹார்மோனிக்குகளையும் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் துணைச் சுரங்கள்) ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. காது அப்படிக் கூட்டுவதில்லை. இரண்டாம் ஹார்மோனிக் மூல சுரத்தின் மேல் ஸ்தாயி, அதனால் இசையோடு கலந்துவிடும். ஏழாவதும் ஒன்பதாவதும் சுருதியோடு சேராதவை. பிபிசியில் பணியாற்றிய ஷார்ட்டர் 1950லேயே, ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தை 4 ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்கிக் கூட்டலாம் என்று முன்மொழிந்தார். இரண்டாவதுக்கு மதிப்பு 1, ஏழாவதுக்கு 12.25. தொழில் அதை ஏற்கவில்லை. எளிய சதவீதமே விளம்பரத்தில் நிலைத்தது.

அறுபதுகளின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் கெட்ட பெயர் வாங்கியது இந்த ஓட்டையால். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டும் வேலையைக் கைமாற்றும் இடத்தில் தோன்றும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், முழு சக்தியில் அளந்தால் மிகச் சிறிய சதவீதம். ஆனால் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அதன் பங்கு கூடும். வீட்டில் கேட்பது பெரும்பாலும் 1 வாட்டுக்குக் கீழே. தாளில் இருந்தது 50 வாட்டில் எடுத்த எண், விமர்சகர் கேட்டது அரை வாட்டில் ஒலித்ததை. அந்தக் காலத்து விமர்சகர்கள் புகார் சொன்னது சரிதான்.

இன்றும் இதைச் சரிபார்க்க முடியும். இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறிமாறி வேலை செய்யும் கிளாஸ் பி வெளியீட்டில் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே சும்மா இருக்கும்போது 20 முதல் 26 மில்லிவோல்ட் இருப்பது நல்ல நிலை. 0.22 ஓம் ரெசிஸ்டரில் 22 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்பியர். 5 மில்லிவோல்ட்தான் இருக்கிறது என்றால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) குறைந்துவிட்டது, மென்மையான பகுதிகளில் கரகரப்பு வரும். பயாஸைச் சரிசெய்வது ஆம்ப்ளிஃபையர் அரை மணி நேரமாவது சூடான பிறகு. குளிர்ந்த நிலையில் வைத்தால் சூட்டில் தாண்டிவிடும். விமர்சகர்கள் சொல்லும் 'சூடான பிறகு நன்றாகப் பாடுகிறது' என்பதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டினால்தான் ஒலி திறக்கும் என்பதற்கு அப்படி அளந்து காட்டக்கூடிய காரணம் இல்லை. அந்தக் காலத்தில் பழகுவது பெரும்பாலும் கேட்பவரின் காதுதான்.

பிறகு ஃபீட்பேக் சண்டை. ஃபின்லாந்தின் மாட்டி ஓட்டலா 1970ல் வெளியிட்ட கட்டுரையில், ஃபீட்பேக் மிகுந்த ஆம்ப்ளிஃபையர்கள் வேகமாக மாறும் சிக்னலில் உள்ளுக்குள் நிறைந்து திணறுகின்றன என்றார். சாதாரண டிஸ்டார்ஷன் அளவீட்டில் தெரியாத ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. விமர்சகர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள், குறைந்த ஃபீட்பேக் என்பது விளம்பர வாசகமாயிற்று. உண்மையான காரணம் ஃபீட்பேக்கின் அளவு அல்ல, சுற்றின் வேகம். 8 ஓமில் 100 வாட் என்றால் உச்ச வோல்டேஜ் 40. அதை 20 கிலோஹெர்ட்ஸில் தர மைக்ரோ விநாடிக்கு 5 வோல்ட் ஸ்லூ ரேட் (வோல்டேஜ் மாறும் வேகம்) தேவை. அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்தால் இசையில் அந்தத் திணறல் வராது. ஃபீட்பேக்கை அதிகமாக வைத்தும் இதைத் தவிர்க்கலாம் என்று பாப் கார்டெல் 1980ல் விளக்கினார். பீட்டர் பாக்ஸண்டால் 1978ல் காட்டியது இன்னும் நுட்பமானது. ஃபீட்பேக்கைக் கொஞ்சமாகச் சேர்த்தால் முன்பு இல்லாத உயர் ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன. நிறையச் சேர்த்தால் அவையும் சேர்ந்து அமுங்குகின்றன. அரைகுறை ஃபீட்பேக் கெடுதல், தாராளமான ஃபீட்பேக் நல்லது. 'ஃபீட்பேக் ஒலியைக் கொல்கிறது' என்று இன்றும் எழுதுபவர்கள் இந்தப் பாதிக் கண்டுபிடிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாட் கணக்கிலும் தகராறு உண்டு. அமெரிக்க வணிக ஆணையம் 1974ல் விதி போட்டும் பல சேனல் ரிசீவர்கள் ஒற்றைச் சேனலை, ஒரே அதிர்வெண்ணில், 10 சதவீத டிஸ்டார்ஷன் வரை இயக்கிப் பெரிய எண்களை அச்சிட்டன. 2024ல் திருத்திய விதி 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கு மேல் போகாத டிஸ்டார்ஷன் என்று நிபந்தனையை இறுக்கியது. 1 வாட்டுக்கு 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் சராசரி 1 வாட்டில் கேட்கும்போது, 20 டெசிபல் உயரும் ஓர் உச்சத்துக்கு 100 வாட் வேண்டும். 8 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபையருக்குச் சராசரிக்கு மேலே இருக்கும் இடம் 9 டெசிபல்தான். இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் வேறாக ஒலிக்கின்றன என்று எழுதும் பலர், ஒன்று கிளிப்பிங்கில் (சக்தி போதாமல் அலையின் தலை வெட்டுப்படுவது) இருப்பதைக் கேட்கிறார்கள்.

சவால்கள் என்ன காட்டின

குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கர், நல்ல ஆம்ப்ளிஃபையர் சிக்னலைப் பெரிதாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக நின்றவர். குவாடின் வால்வ் ஆம்ப்ளிஃபையரான டூ, டிரான்சிஸ்டர் மாடல்களான 303, 405 ஆகியவற்றை மறைத்து வைத்து ஜேம்ஸ் மோயர் நடத்திய கேட்புச் சோதனை 1978ல் ஒயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வந்தது. கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 25 பேரை வைத்து, மலிவான பயனியர் ரிசீவர் முதல் பல ஆயிரம் டாலர் விலையுள்ள ஃபட்டர்மேன் வால்வ் ஆம்ப்ளிஃபையர் வரை ஆறு கருவிகளைச் சோதித்தது. முடிவு காசு சுண்டியதற்கு ஒப்பாக வந்தது. கார் ஆடியோ துறையின் ரிச்சர்ட் கிளார்க் 24க்கு 24 சரியாகச் சொல்பவருக்கு 10,000 டாலர் என்று பல ஆண்டுகள் அறிவித்திருந்தார். யாரும் அதை வாங்கிச் செல்லவில்லை.

இவற்றுள் அதிகம் கற்றுத்தருவது அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் தயாரிப்பாளர் பாப் கார்வரின் சவால். தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை, விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் எந்த உயர்தர ஆம்ப்ளிஃபையரைப் போலவும் ஒலிக்கச் செய்ய முடியும் என்றார். 1985ல் ஸ்டீரியோஃபைல் ஆசிரியர்கள் ஒரு விலையுயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, வெளியீடுகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்து, அது மௌனத்தை நெருங்கும்வரை தன் சுற்றைத் திருத்திக்கொண்டே போனார். வித்தியாசம் சிக்னலைவிட 70 டெசிபல் கீழே போனது, அதாவது 0.03 சதவீதம். கேட்ட ஆசிரியர்கள் தங்களால் பிரிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு அச்சிட்டார்கள். அது நேர்மையான செயல். ஆனால் பின்னர் விற்பனைக்கு வந்த மாடலை வைத்து அதே இதழ், இது அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியதும் மனக்கசப்பு முற்றியது.

அந்தக் கசப்பின் அடியில் ஒரு தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. சத்த அளவில் 0.1 டெசிபல் பிசகினாலே வித்தியாசம் 39 டெசிபலுக்குக் கீழே போகாது. 20 கிலோஹெர்ட்ஸில் 1 பாகை கட்டம் (ஃபேஸ்) மாறினால் அங்கே 35 டெசிபலோடு நின்றுவிடும். ஒரு பட்டறையில் ஒரே கருவியைக் கையால் திருத்தி எட்டும் 70 டெசிபலை, ரெசிஸ்டருக்கு ரெசிஸ்டர் 1 சதவீதம் மாறும் உற்பத்தி வரிசையில் எல்லாப் பெட்டிகளிலும் எட்டவே முடியாது. அதோடு, வித்தியாசம் 35 டெசிபலில் நின்றது என்பதாலேயே அது காதுக்குக் கேட்கும் என்றும் ஆகாது. ஆழமாக ரத்தானால் இரண்டும் ஒன்றே என்பது உறுதி. மேலோட்டமாக ரத்தானால் எதுவும் உறுதியில்லை. இரு தரப்பும் இந்த ஒருவழிச் சாட்சியத்தை இருவழியாகப் பயன்படுத்தினார்கள்.

மறைத்துக் கேட்கும் சோதனையும் அப்படி ஒருவழியானது. 1977ல் ஆர்னி குரூகர் கட்டிய ஏபிஎக்ஸ் பெட்டி ஏ, பி இரண்டையும் காட்டி, எக்ஸ் இவற்றுள் எது என்று கேட்கும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 3.8 சதவீதம். ஆனால் உண்மையாகவே வித்தியாசம் கேட்டு, பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்லக்கூடியவர் இந்த 16 முறைச் சோதனையில் 12ஐ எட்டும் வாய்ப்பு 45 சதவீதம்தான். பாதிக்கு மேல் தவறவிடும். லெஸ் லெவென்தால் 1986ல் சுட்டிய குறை இது. ஆகவே ஒருவர் ஒரு தடவை தோற்றதைக் காட்டி வித்தியாசமே இல்லை என்று தயாரிப்பாளர் கொண்டாடுவது பிழை. எல்லாச் சோதனைகளிலும் எல்லோரும் தோற்பது வேறு விஷயம். அது கனமான சாட்சியம், விமர்சகர்கள் அதற்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

அவர்கள் சொல்லும் பதில்களில் வலுவானது, ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியராக இருந்த ஜான் அட்கின்சன் 2005ல் நியூயார்க்கில் நடந்த பொது விவாதத்தில் சொன்னது. 1978ல் ஒரு மறைப்புச் சோதனையில் வித்தியாசம் தெரியாததால் குவாட் 405ஐ வாங்கினார். மாதங்கள் போகப்போக இசையில் ஈடுபாடு குறைந்தது, கடைசியில் வால்வ் ஆம்ப்ளிஃபையருக்கு மாறினார். அனுபவம் உண்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாதங்களில் தன்னிடம் இருப்பது எது என்று அவருக்குத் தெரியும். நீண்ட காலம் கேட்பதும் மறைத்துக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பெட்டியைத் துணியால் மூடி, வேறொருவர் மாற்றி வைத்து, வாரக்கணக்கில் கேட்டுவிட்டுச் சொல்ல யாருக்கும் தடையில்லை. விமர்சன இதழ்கள் இதை ஏன் வழக்கமாக்கவில்லை என்பதுதான் கேள்வி.

ஒழுங்காக ஒப்பிடுவது

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஸ்பீக்கருக்கு மாற்றிக் கொடுக்க ரிலே அல்லது சுவிட்ச் வேண்டும். அது பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரு முனைகளையும் இயக்கும் பிரிட்ஜ் முறையிலும் பல கிளாஸ் டி கருவிகளிலும் மைனஸ் முனை எர்த் அல்ல, பொதுவாக இணைத்தால் கருவி எரியும். இரு வெளியீடுகளும் எந்தக் கணத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வால்வ் ஆம்ப்ளிஃபையரைச் சுமையில்லாமல் விடக்கூடாது. ஸ்பீக்கர் விலகும்போது 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் தானாக இணையும்படி ரிலேயின் மறுபக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது சத்தம். வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஓர் ஆம்ப்ளிஃபையரின் கெயின் (பெருக்கும் அளவு) 26 டெசிபல், இன்னொன்றுடையது 32 என்றால் வோல்டேஜ் இரண்டு மடங்கு. ஸ்பீக்கர் இணைந்த நிலையில், அதன் முனைகளிலேயே, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் சிக்னலை 2.83 வோல்டுக்கு வையுங்கள். இரண்டும் 0.03 வோல்டுக்குள் ஒத்துப்போனால் 0.1 டெசிபலுக்குள் வந்தாயிற்று. மலிவான மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் சரியான எண்ணைக் காட்டாமல் போகலாம், ஆனால் இரண்டையும் அதே மீட்டரால் அளப்பதால் ஒப்பீடு கெடாது. காதால் சமன் செய்வது போதவே போதாது. 0.3 டெசிபல் கூடுதலைக் காது சத்தம் என்று உணராது, தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் உணரும். எத்தனையோ வெற்றி தோல்விகளை இந்த ஒரு பிசகு தீர்மானித்திருக்கிறது.

பிறகு 100 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் அளவெடுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் வோல்டேஜைக் கால் பங்காகக் குறைத்து, சில விநாடிகளுக்கு மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் உயர்சுரம் தரும் ட்வீட்டரின் காயில் போய்விடும். இங்கே 0.3 டெசிபலுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால், கேட்கும் முன்பே விடை பாதி கிடைத்துவிட்டது. சில ஆம்ப்ளிஃபையர்கள் போலாரிட்டியைத் திருப்பும், அதையும் பாருங்கள். பாட்டில்லாத நேரத்தில் ஹிஸ், ஹம் ஒலியாலும் ரிலேயின் சொடுக்காலும் கருவி அடையாளம் தெரிந்துவிடும், எனவே பாட்டு ஓடும்போதே மாற்றுவது நல்லது. வரிசையைக் காசு சுண்டி எழுதி வைப்பவர் கேட்பவரோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது.

இப்படி 16 முறை கேட்டு 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் காரணம் தேடும் வேலை தொடங்குகிறது. ஒன்று வால்வ், மற்றது டிரான்சிஸ்டர் என்றால், கார்வர் செய்த வேலையின் எளிய வடிவத்தைச் செய்து பார்க்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டோடு வரிசையாக 2 ஓம், 25 வாட், இண்டக்டன்ஸ் குறைந்த ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள், ஸ்பீக்கர் முனையில் சத்தத்தை மறுபடி 0.1 டெசிபலுக்குச் சமன் செய்யுங்கள், 16 முறை மறுபடி கேளுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால், கேட்டது வெளியீட்டு இம்பீடன்ஸை. மறையவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது கிளிப்பிங். ஆஸிலோஸ்கோப்பை ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, பாட்டின் உரத்த இடங்களில் அலையின் தலை தட்டையாகிறதா என்று கவனியுங்கள். பிரிட்ஜ் வெளியீடாக இருந்தால் ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை எந்த முனையிலும் மாட்டாமல், இரண்டு புரோப்களை இரு முனைகளில் வைத்து வித்தியாசத்தை எடுங்கள்.